கொலுசு கட்டிய கால்

டாக்டர் அந்த நோயின் பெயரைச் சொன்னபோது செல்வநாயகிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நோய் தன்னுடையது அல்ல என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால், அப்படியானால் அது யாருடையது என்ற கேள்வியும் அடுத்த நொடியே வந்தது. பதிலும் கூடவே வந்துவிட்டது. அதன்பிறகு, ஏசி ஓடிக்கொண்டிருந்த அந்த அறையில் அவளுக்கு வேர்க்கத் தொடங்கியது.

"பயப்படாதீங்க," என்றார் டாக்டர் மிருணாளினி. கம்பெனியின் நலப்பிரிவுக்கு வாரம் இரண்டு நாள் வந்து போகும் நரம்பு மருத்துவர். மேசையிலிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். அதில் கோடுகளால் ஆன ஓர் உருவம் நடந்துகொண்டே இருந்தது. முகம் கிடையாது, உடம்பும் பேருக்குத்தான். கால்களை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தார்கள்.

"இதுதான் நீங்க."

நாயகி அந்த உருவத்தைப் பார்த்தாள். இடது பாதம் தரையை விட்டுக் கிளம்பும்போது எதையோ யோசித்துவிட்டுக் கிளம்புவதுபோல் இருந்தது. சொல்லியிராவிட்டால் கவனித்திருக்கவே மாட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே மேடம். நல்லாத்தான நடக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியலை. இப்ப நடந்து காட்டச் சொன்னேனே, குதிகால் வலிக்குச் சாஞ்சு நடக்கறீங்க, அவ்வளவுதான். ஆனா நான் உங்களைப் பாத்தது அஞ்சு நிமிஷம். கொலுசு மாசக்கணக்காப் பாத்திருக்கு. நாங்க ஒரு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிக்கறதை அது இப்பவே சொல்லிடும்." டாக்டர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிப் புருவத்தைச் சுருக்கினார். "ஒண்ணுதான் புரியலை. அந்தக் குதிகால் வலி இதுல எங்கயுமே பதிவாகலை. உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

"இப்பத்தானுங்க. செருப்பு மாத்துனதுல இருந்து," என்றாள் நாயகி. பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

கொலுசு என்பது அந்தப் பட்டைக்கு ஊழியர்களே வைத்த பெயர். தலைமை அலுவலகம் வைத்த பெயர் வேறு, நலவளையமோ என்னவோ. கணுக்காலில் கட்டிக்கொள்கிற மெல்லிய சாம்பல் நிறப் பட்டை அது. முதல் நாளே முறுக்கு மீசைக் கணக்காளர் உட்பட எல்லோர் காலிலும் ஏறியதால், கொலுசு என்று யாரோ கேலியாகச் சொல்லப்போய் அதுவே நிலைத்துவிட்டது. இப்போது டாக்டரே அப்படித்தான் சொல்கிறார்.

அவர்களுடையது தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியின் புகார் மையம். கோயமுத்தூர் அவினாசி ரோட்டில் நான்கு மாடிக் கட்டடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மோட்டார் ஓடுது தண்ணி ஏறலை என்பவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. உட்கார்ந்தே கிடப்பவர்களுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகிறது என்று கம்பெனிக்குத் திடீரென்று அக்கறை பிறந்தது. நடங்கள், நலமாக இருங்கள் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நிறைய நடந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், பிறகு மேடையில் கைதட்டு, பிறகு ஜன்னலோர இருக்கை. நடக்கச் சொல்லி யாரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடக்காதவர்களின் ஒப்பந்தம் மட்டும் வருஷ முடிவில் புதுப்பிக்கப்படாமல் போயிற்று. அதற்குக் காரணமும் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நாயகிக்குக் காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஆணி இறங்கும். வீட்டுக்காரரின் கிரைண்டர் பட்டறையை மூடி மூன்று வருஷமாகிறது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. கொலுசு வந்த முதல் மாசமே அவள் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழுந்தது. அன்றைக்குக் கழிப்பறையில் நின்று அழுதுகொண்டிருந்தவளை அடுத்த இருக்கை ஜெசிந்தா பார்த்துவிட்டாள்.

"அட, இதுக்குப் போயா அழுவறீங்க? கொலுசை எங்கிட்டக் குடுங்க்கா. எனக்கு ரெண்டு கால் இருக்குதில்ல," என்றாள் ஜெசிந்தா.

அவ்வளவுதான் ஒப்பந்தம். பகலெல்லாம் நாயகியின் மேசையில் சார்ஜில் கிடக்கும் கொலுசு, சாயங்காலம் ஜெசிந்தாவின் பையில் ஏறி ஒண்டிப்புதூருக்குப் போகும். காலையில் நடந்து களைத்துத் திரும்பி வரும். பதிலுக்கு நாயகி, ஜெசிந்தாவின் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டைத் தான் பார்த்துக்கொண்டு அவளைப் பூசைக்கு அனுப்பினாள். சிவப்புப் புள்ளி பச்சையாயிற்று. நாயகி ஒருமுறை மேடையேறிக் கைதட்டுகூட வாங்கினாள், கூசிக்கொண்டே.

போன வருஷக் கடைசியில்தான் புதுச் செய்தி வந்தது. கொலுசு இனி எண்ணிக்கையோடு நிற்காது, நடையையும் படித்துக்கொள்ளும். ஒருவர் நடைபோல் இன்னொருவர் நடை இருக்காது. இரண்டு கொலுசில் ஒரே நடை தெரிந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார்கள். சொன்ன மாசமே திருப்பூர் கிளையில் அக்கா தங்கை இருவரை அனுப்பியும் விட்டார்கள். நாயகிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. போதும் கண்ணு, நிறுத்திக்கலாம் என்றாள். ஜெசிந்தா சிரித்தாள். அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க ஒண்ணும் கேக்காதீங்க என்றாள். நாயகியும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

இப்போது டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்த நோய் வந்தா முதல்ல கால் பின்னும். மாடிப்படியில தடுமாறுவீங்க. ரெண்டு வருஷத்துல கம்பு வேணும். அப்புறம் கை, அப்புறம் பேச்சு. முன்னாடியெல்லாம் இதுக்கு மருந்தே கிடையாது. இப்ப இருக்கு. ஆனா இந்த நிலைமையிலயே ஆரம்பிக்கணும். கால் விழ ஆரம்பிச்சப்புறம் குடுத்தா ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்களுக்கு இன்னும் ஒரு ஆறு மாசம் அவகாசம் இருக்கு, அதுக்குமேல நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"மாத்திரைங்களா?" மாத்திரையாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அவள் மனசு அதற்குள் அதுவரை ஓடிவிட்டது.

"முதுகுத்தண்டுல ஊசி. திங்கட்கிழமை அட்மிட் ஆகிடுங்க. செலவு முழுக்கக் கம்பெனியோடது. வெளியில வாங்கணும்னா நீங்களும் நானும் நினைச்சுக்கூடப் பாக்க முடியாது."

"இதே நோவு வேற யாருக்காச்சும் இருந்தா? அவுங்களுக்கும் கம்பெனி குடுக்குமுங்களா?"

"ஊழியரா இருந்தாக் கொடுப்பாங்க. குடும்பத்துக்கெல்லாம் கிடையாது. ஏன், வீட்டுல யாருக்காவது சந்தேகமா இருக்கா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்."

டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிப் பலகையை நீட்டினார். அது என்னுடைய கொலுசு, அதில் இருப்பது என்னுடைய நடை என்று ஒப்புக்கொண்டு கட்டைவிரலை வைக்க வேண்டும். நாயகி வைத்தாள். வைக்காமல் என்ன சொல்லுவது?

"நிறைய பேர் இந்த நாற்காலியில உக்காந்து அழுவாங்க. நீங்க தைரியமா இருக்கீங்க," என்றார் டாக்டர். நாயகிக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

கீழே ஜெசிந்தா பொள்ளாச்சிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஃபுட் வால்வுல இலை ஏதாச்சும் மாட்டியிருக்கும் பாருங்கண்ணா. கெணத்துல எறங்கும்போது பாத்து எறங்குங்க, தண்ணி வராட்டிப் போகுது." பேசியபடியே நாயகியைப் பார்த்து, என்னாச்சு என்று புருவத்தால் கேட்டாள். நாயகி கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றாள்.

அன்று பூராவும் அவள் ஜெசிந்தாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா டீ எடுக்கப் போனாள், மேலாளரின் அறைக்குப் போனாள், மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். ஒவ்வொரு முறையும் இடது பாதம் கிளம்பும்போது நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு தரம் தாமதம் தெரிந்ததுபோல் இருந்தது, மறுதரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அலுவலகத்தில் எல்லோருமே இழுத்து இழுத்து நடப்பதாகப்பட்டது. மேசைக்கடியில் தன்னுடைய இடது காலே மரத்துப்போக, பயந்துபோய் உதறிக்கொண்டாள்.

சொல்லாமல் விட்டால் என்ன? இந்த நினைப்பும் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஊசி வேண்டாம் என்று மறுத்துவிடலாம். வேலையும் இருக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து ஜெசிந்தா கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நிற்கும்போது, ஐயோ பாவம் என்று இவளும் எல்லோரோடும் சேர்ந்து சொல்லலாம். நினைத்து முடிப்பதற்குள் நாயகிக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது.

உண்மையைச் சொன்னால்? இரண்டு பேருக்கும் வேலை போகும். வேலை போனால் ஜெசிந்தா ஊழியர் இல்லை. ஊழியர் இல்லையென்றால் ஊசி இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான் வந்து முட்டியது.

சாயங்காலம் நாலு மணிவாக்கில் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. அவ்வளவு எளிதான வழி ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. ஜெசிந்தாவுக்கும்தான் ஒரு கொலுசு இருக்கிறதே! அது இதுவரை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால், அவள் அதைக் கட்டி நடக்கவில்லை என்றுதானே அர்த்தம். தன்னுடையதை எதிலோ மாட்டி ஏமாற்றிக்கொண்டு, நாயகியுடையதை ஒழுங்காகக் கட்டி நடந்திருக்கிறாள், பைத்தியக்காரி. இனி தன் கொலுசையே கட்டிக்கொண்டு நடக்கட்டும். கொஞ்ச நாளில் அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். அவள் பெயரில், அவள் முதுகில் ஊசி ஏறும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நாயகி ஊசிக்குப் பயம் என்று தள்ளிப்போட்டால் போதும்.

"கண்ணு, இன்னைக்கு உங்கூட உங்க ஊட்டுக்கு வாரேன்," என்றாள்.

"நெசமாவா? பலகாரம் ஒண்ணுமில்லீங்க்கா, காப்பிதான் இருக்குது," என்றாள் ஜெசிந்தா. வழக்கம்போல நாயகியின் கொலுசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மெட்ரோவில் கூட்டம். அங்கே வைத்துப் பேச முடியவில்லை. இறங்கி, மில் குடியிருப்பின் சந்துக்குள் நடந்தார்கள். ஜெசிந்தா முன்னால் போக, நாயகி பின்னால் நொண்டிக்கொண்டே அவள் பாதங்களைப் பார்த்தபடி போனாள்.

வீடு ஒற்றை அறையும் சமையல்கட்டும். வாசலில் இரும்புக் கேட். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். ஜெசிந்தா காப்பி கலந்து கொண்டுவந்தாள். ஏதாவது பேச வேண்டுமே என்று, "லூர்து ஷிப்டுக்குக் கெளம்பிட்டாருங்களா?" என்று கேட்டாள் நாயகி. ஜெசிந்தாவின் கணவன் லூர்துசாமியைக் கம்பெனி ஆண்டு விழாவில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். ஒல்லியான, கூச்சமான ஆள்.

ஜெசிந்தா காப்பித் தம்ளரை நாயகியின் பக்கம் நகர்த்தினாள்.

"அவரு இங்க இல்லீங்க்கா. ஒரு மாசமாகுது. சிங்காநல்லூர்ல தம்பி ஊட்டுல இருக்கறாரு. நாந்தான் போகச் சொல்லிட்டேன்."

"ஏங்கண்ணு?"

"குடி. கல்யாணத்தப்ப மாதா முன்னாடி சத்தியம் பண்ணி விட்ட மனுசன். மறுபடி ஆரம்பிச்சுட்டாரு. காலையில ஷிப்டு முடிஞ்சு வரும்போது இந்தச் சந்துல செவுத்தைப் புடிச்சுக்கிட்டு வருவாரு. அக்கம்பக்கம் பூராப் பாத்துச் சிரிச்சாங்க. குடிக்கலைன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் வேற பண்ணுனாரு. அதான் எனக்குப் பொறுக்கல. போயிடுங்கன்னுட்டேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதை விடுங்க்கா. நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க."

நாயகி சொன்னாள். நோயின் பெயரை அவளால் சரியாக உச்சரிக்க முடியவில்லை. ஆனால் மற்றதெல்லாம் சொன்னாள். திரையில் நடந்த உருவம், எழும்பத் தயங்கிய இடது பாதம், ஆறு மாசம், முதுகில் ஊசி. சொல்லும்போதே ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பயப்படாத. எனக்கு ஒரு வழி தோணுது. இனிமே உன்ற கொலுசை நீயே கட்டிட்டு நட. அதுவே கண்டுபுடிக்கட்டும்."

ஜெசிந்தா புரியாமல் பார்த்தாள். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கணுக்காலில் அவளுடைய கொலுசு இருந்தது. தோலில் அழுந்தி அழுந்தி அந்த இடமே வெளுத்திருந்தது.

"இதை நான் கழட்டறதே இல்லீங்க்கா. குளிக்கப் போறப்ப மட்டுந்தான். எனக்கு ஒண்ணுமில்ல. போன வாரங்கூட நலப்பிரிவுல பாத்துட்டு, ரொம்ப நல்லாருக்குதுன்னாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள், நாயகியின் பயத்தைத் துடைத்துவிடுகிற அதே பழைய சிரிப்பு. "என்னைப் போட்டு இப்புடிப் பயமுறுத்திட்டீங்களே."

நாயகி அந்த வெளுத்த தோலையே பார்த்தாள்.

"அப்ப என்ற கொலுசை ஆரு கட்டுனது?"

"நடையைக் கண்டுபுடிக்கும்னு சொன்னாங்கல்ல, அதுக்கப்பறம் நான் எப்புடிக்கா ரெண்டையும் கட்ட முடியும்? அவருதான் கட்டிக்கிட்டாரு. ஸ்பின்னிங் மில்லுல சைடர் வேலைன்னா சும்மாவா, ராத்திரி பூரா மிசினுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துக்கிட்டே இருக்கோணும், நூலு அந்து போச்சுன்னா ஓடோணும். இத்தனை நடையும் சும்மா வீணாத்தான புள்ள போகுது, அக்காவுக்கே போகட்டும்னு அவருதான்…"

காப்பித் தம்ளரைத் தரையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

"வாசமே அடிக்கலீங்க்கா," என்றாள். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. "ஒரு நாளுகூட அடிக்கல. இப்ப வர்ற சரக்குல வாசம் வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். காலு பின்னுது ஜெசி, ஏன்னே தெரியலங்கறாரு. ஏன் பின்னாது, ஊத்துனா பின்னத்தான செய்யும்னு கேட்டேன். புள்ளைங்களுக்கு முன்னாடி வெச்சுக் கேட்டேன்."

நாயகி அவள் தோளைப் பிடித்தாள். "திங்கக்கெழமை டாக்டருகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். வேலை போனாப் போயிட்டுப் போகுது. அந்தம்மா நல்லவங்களாத் தெரியுது. ஏதாச்சும் பண்ணுவாங்க."

"என்னக்கா பண்ணுவாங்க? அவரு நம்ம கம்பெனி ஆளா?" ஜெசிந்தாவுக்குக் கோபம் இல்லை, அழுகையும் இன்னும் வரவில்லை. "நீங்க சொன்னா ரெண்டு பேரு வேலையும் போகும். சொல்லாட்டி ஊசி உங்க முதுகுல ஏறும். அவரு முதுகுல ஏற வழி எங்க இருக்குது, சொல்லுங்க?"

நாயகி யோசித்தாள். காலையிலிருந்து யோசித்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து யோசித்தாள். தன் குதிகால் வலிக்காக, தன் பச்சைப் புள்ளிக்காக அந்த மனிதன் இத்தனை மாசம் நடந்திருக்கிறான். அவன் நடையை வைத்துத்தான் இவள் வேலை நிலைத்தது.

வெளியே சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு தரையில் உரசியது, இன்னொன்று உரசவில்லை. ஜெசிந்தா சடாரென்று எழுந்தாள்.

"அவருதான். உங்க கொலுசை வாங்கிட்டுப் போக வருவாரு. தெனமும் வருவாரு, காலையில ஷிப்டு முடிஞ்சு திருப்பிக் குடுத்துட்டுப் போவாரு. நான் கம்பி வழியாத்தான் நீட்டுவேன், மூஞ்சியைப் பாக்க மாட்டேன்."

"நீ போகச் சொன்னதுக்குப் பொறவுமா?"

"அக்காவுக்கு வாக்குக் குடுத்தாச்சுல்ல ஜெசிங்கறாரு."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். சந்துமுனை விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. லூர்துசாமி மில்லுக்குப் போடும் காக்கிச் சட்டையோடு, ஒரு கையைச் சுவரில் வைத்து வைத்து வந்துகொண்டிருந்தான். இடது பாதம் ஒவ்வொரு தரமும் தயங்கிக் கிளம்பியது. மேடாக இருந்த சாக்கடை மூடியைத் தாண்டும் இடத்தில் நின்று, பார்த்து, சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு தாண்டினான். எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். மனைவியோடு நாயகியும் நிற்பதைப் பார்த்ததும் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டான். நேராக நிற்க முயன்றான். இரண்டு பெண்களும் தன் முகத்தைப் பார்க்காமல் கால்களையே பார்ப்பதைக் கண்டு அவன் முகம் சுருங்கிற்று.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று தனக்குத் தெரியும் என நினைத்துக்கொண்டான்போல.

"நான் இன்னைக்கும் குடிக்கல ஜெசி," என்றான் அவன் தலையைக் குனிந்துகொண்டு. "அக்காவோட கொலுசைக் குடு, ஷிப்டுக்கு நேரமாச்சு."